பர்கூர்க்காரிக்கு

ஏய் பர்கூர்க்காரி,

அந்த மாணவர் சேவை முகாமில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ பர்கூர்க்காரி, நான் ஊத்தங்கரைக்காரி, அவன் காரிமங்கலத்தான். 1999 மே மாதம், ப்ளஸ் ஒன் முடிந்த லீவு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தானே. அப்போது மூன்று ஊரும் தர்மபுரி மாவட்டம். அதனால்தான் ஒரே முகாமில் வந்து சேர்ந்தோம்.

காலையில் கால்வாய் தூர் வாருவோம். மதியம் மாந்தோப்பு. பெங்களூரா ரக மாங்காயைத் தோட்டக்காரர் தொட விடமாட்டார், அது கூழ் ஆலைக்குப் போவது. செந்தூராவில் ஆளுக்கு ஒன்று பறித்துக்கொள்ளச் சொல்வார்.

அவன்தான் மரம் ஏறுவான். எனக்கு மேலிருந்தே போடுவான், நான் தாவணியை ஏந்திப் பிடிப்பேன். உனக்கானதை மட்டும் கையோடு கொண்டு இறங்குவான். காம்பைக் கிள்ளி, காயைத் தலைகீழாகப் பிடித்து, பால் சொட்டுச் சொட்டாக வடிந்து முடியும்வரை பேசாமல் நிற்பான். அப்புறம் துண்டில் துடைத்து நீட்டுவான். அவன் மணிக்கட்டில் பால் பட்ட இடம் கருத்துத் தோல் உரிந்திருந்தது. நீ அதைப் பார்த்தாயா?

எனக்கு உதட்டோரம் வெந்து புண்ணாகிவிட்டது. நீதான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாய்.

அன்று ராத்திரி, நீ எண்ணெய் தடவிய அதே வாயால், "அவன் என்னை லவ் பண்றதா சொல்லிட்டான்டி" என்றேன். பொய். அவன் என்னிடம் பேசியதெல்லாம் மண்வெட்டி கேட்டதுதான். "நல்ல பையன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய்.

மறுநாள் ஒகேனக்கல். அவன் பக்கத்தில் இடம் இருந்தும் நீ அடுத்த பரிசலுக்குப் போய்விட்டாய். நடு ஆற்றில் பரிசல்காரர் துடுப்பைப் போட்டுச் சுழற்றினார். எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அவன் மட்டும் உன் பரிசல் எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தான்.

விவரம் தெரியாத வயசு என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. விவரம் தெரிந்துதான் சொன்னேன். அவன் யாரை நினைக்கிறான் என்று அந்தத் தோப்பில் முதலில் கண்டுகொண்டவளே நான்தான். சரி என்றோ வேண்டாம் என்றோ நீ சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. உன்னைச் சொல்லவே விடாமல் செய்துவிட்டேன்.

மன்னித்துவிடு டி. பதில் போட மனசில்லை என்றால் விட்டுவிடு. ஆனால் காரிமங்கலத்தான் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், இதை அவனுக்கும் காட்டு.

ஊத்தங்கரைக்காரி