விலாசப் புத்தகம்

மதுரை

அன்பு மகள் கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் நடுவில் உனக்கு ஓர் ஆர்டர் வந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இரவு வேலையெல்லாம் முடிந்தபின் நிதானமாகப் படி.

பொங்கலுக்கு முன் நீ சேலை விற்கும் இன்ஸ்டாகிராம் பக்கம் பதினொரு நாள் முடங்கிக் கிடந்தபோது நீ அழுத குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அறுபது சுங்குடிச் சேலைகள் பீரோவில் இருந்தன. உன்னைப் பின்தொடர்கிறவர்கள் நாலாயிரம் பேருக்கு மேல் என்று பெருமையாகச் சொல்லியிருந்தாய். ஆனால் அந்த நாலாயிரம் பேரில் ஒருவருக்குக்கூட "சேலை வந்திருக்கிறது" என்று சொல்லியனுப்ப உன் கையில் ஒரு வழியும் இல்லை. பக்கம் திரும்பக் கிடைத்ததும் நீ அதை மறந்துவிட்டாய். என்னால் மறக்க முடியவில்லை. முப்பத்து நான்கு வருடம் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவளுக்கு, விலாசம் இல்லாமல் ஒருவர் வியாபாரம் செய்கிறார் என்பதே வயிற்றைப் பிசைகிற செய்தி.

இது உனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, அதில் மட்டுமே ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் பேசுவதற்கு யாரும் இருக்கவில்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்குமேல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் நின்று ஏறக்குறைய ஆறு மணி நேரம் வேலை செய்யவில்லை, அன்று நீ என்னை அழைத்து "நெட் போய்விட்டதா அம்மா?" என்று கேட்டாய். மூன்றும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்பதை அன்றுதான் நானும் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பக்கங்கள் திருவிழாக் கடைக்கு ஒதுக்கிக் கொடுத்த இடம் போன்றவை. கூட்டம் வரும், விற்கலாம், விற்கத்தான் வேண்டும். ஆனால் வந்தவர்களின் பெயரையும் விலாசத்தையும் நம் நோட்டில் எழுதிக்கொள்ளாமல் பந்தலைப் பிரித்துவிட்டால், அடுத்த வருடம் யாரைத் தேடிப் போவது? இருக்கிற நாலாயிரம் பேருக்கும் நீ போடும் படம் போய்ச் சேர்கிறதா என்றால் அதுவும் இல்லை. யாருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனத்தின் கணிப்பொறிக் கணக்குத்தான் முடிவு செய்கிறது.

ஆகவே முதல் வேலை, உனக்கென்று ஒரு விலாசப் புத்தகம். இதுவரை சேலை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று உன் தம்பியிடம் கேட்டேன். உன் கூரியர் ரசீதுகளைப் பார்த்து முந்நூறுக்கு மேல் இருக்கும் என்றான். அந்த முந்நூறு பேர் நாலாயிரத்தைவிடப் பெரிய தொகை. ஒருவர் பெயர், ஊர், கைபேசி எண், மின்னஞ்சல், என்ன வாங்கினார், என்ன நிறம் கேட்டு இல்லையென்று திரும்பினார் என்பதை ஒரு கூகுள் ஷீட்டில் வரிசையாக ஏற்று. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதே. மாம்பழ மஞ்சள் கேட்டுக் கிடைக்காமல் போனவருக்கு அந்த நிறம் வந்த அன்று தனியாக ஒரு வரி அனுப்பினால், அவர் அதை விளம்பரமாக நினைக்கமாட்டார்.

சேர்க்கும்போது கேட்டுச் சேர்க்க வேண்டும். பார்சலுக்குள் ஒரு சிறிய அட்டை வைத்து, "புதிய சேலைகள் வரும்போது தெரிவிக்கலாமா? வேண்டுமென்றால் இந்த எண்ணுக்கு 'சரி' என்று அனுப்புங்கள்; எங்கள் எண்ணையும் உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று தமிழில் அச்சடித்துவிடு. இதில் இரண்டு காரியம் அடங்கியிருக்கிறது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றுத்தான் பிறருடைய விவரங்களைப் பயன்படுத்த வேண்டும் என்றும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இன்னொன்று, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம் என்றாலும், உன் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். நீ மாதக்கணக்கில் அனுப்பிவிட்டு "யாரும் பதில் போடுவதில்லை" என்று சொன்னதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அவர்களைக் கேட்காமல் ஒரு குரூப்பில் இழுத்துப் போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடு. முன்பின் தெரியாத பெண்களின் எண்களை எல்லோருக்கும் காட்டிவிடுகிற காரியம் அது; நான் வாடிக்கையாளராக இருந்தால் அன்றே வெளியேறிவிடுவேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை 2018-இலிருந்து இலவசமாகத்தான் தருகிறார்கள். நீ இன்னும் சொந்த எண்ணிலேயே வியாபாரமும் செய்து, சம்பந்தி அம்மாளின் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் ஆர்டரைத் தேடிக்கொண்டிருக்கிறாய். தனி எண் ஒன்று வாங்கி அந்தச் செயலியில் போடு. படமும் விலையுமாகக் கேட்டலாக் வைக்கலாம். பணம் வரவேண்டியவர், பார்சல் அனுப்ப வேண்டியவர் என்று அடையாளம் ஒட்டிப் பிரிக்கலாம். குழந்தையைத் தூங்கவைக்கும் நேரத்தில் "காலை பத்து மணிக்குப் பதில் தருகிறேன்" என்று தானே சொல்லிக்கொள்ளும்படியும் செய்யலாம். அலுவலகத்தில் கவுண்டர் மூடும் நேரத்தைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தோம்; அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பலகை இல்லாத நாளில்தான் சண்டை வந்தது.

மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னால் "இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள்?" என்கிறாய். உன்னிடம் பத்துச் சேலை மொத்தமாக எடுத்த சிங்கப்பூர்க்காரரும், பள்ளி ஆசிரியைகளுக்கு ஒரே மாதிரிச் சேலை கேட்டவர்களும் எதில் தொடர்பு கொண்டார்கள் என்று யோசித்துப் பார். ரசீது, அளவு, தொகை, தேதி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டியவர்கள் அதைத்தான் நாடுகிறார்கள். ஆனால் அதற்கும் ஒழுங்கு உண்டு. முன்பெல்லாம் எங்களிடம் புக்போஸ்ட்டாக அச்சடித்த விளம்பரங்கள் மூட்டை மூட்டையாக வரும். உறையைப் பார்த்ததுமே வீட்டுக்காரர்கள் தூக்கிப் போடுவார்கள்; கையால் பெயர் எழுதிய கடிதத்தை மட்டும் அங்கேயே கிழித்துப் படிப்பார்கள். மின்னஞ்சலின் பொருள் வரியும் அப்படித்தான். "அதிரடி ஆஃபர்!!!" என்று எழுதினால் புக்போஸ்ட் ஆகிவிடும். "நீங்கள் கேட்ட பாக்கு நிறம், நான்கு சேலைகள் மட்டும்" என்று எழுதினால் கடிதமாகும்.

போலி அஞ்சலைத் தடுக்க மின்னஞ்சலிலும் முத்திரை இருக்கிறது என்று தம்பி விளக்கினான். தபால்காரி மூளைக்கு அது சட்டென்று புரிந்தது. எஸ்பிஎஃப் என்பது இன்ன அலுவலகத்திலிருந்துதான் என் தபால் வரும் என்று முன்கூட்டியே பதிந்து வைப்பது. டிகேஐஎம் என்பது வழியில் யாரும் பிரித்துத் திருத்தவில்லை என்று காட்டும் அரக்கு முத்திரை. டிமார்க் என்பது இரண்டும் சரியில்லாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்ற உத்தரவு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும்; ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தரவேண்டும். உன்னைப்போல் சிறிதாக அனுப்புகிறவர்களும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். ஸ்பேம், அதாவது வேண்டாத அஞ்சல், என்று அழுத்துகிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டிவிட்டாலே கெட்ட பெயர்தான். எனவே கடையின் பெயரில் ஒரு டொமைன், அதாவது உனக்கென்று ஓர் இணைய முகவரிப் பெயர், வாங்கி, அதில் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள். சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். அதே ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு நிறுவனத்தின் வழியாக மொத்தமாக அனுப்பினால், அது அடுத்த ஊர் முத்திரையைக் குத்திய உறையைப் போல மாட்டிக்கொள்ளும். டொமைனை உன் பெயரிலும் உன் கைபேசி எண்ணிலும் பதிவு செய். எனக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தை வடிவமைத்த பையனின் பெயரிலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவன் வெளிநாடு போனபின் ஒரு வருடம் அலைந்தார்.

திரும்பி வரும் அஞ்சல்களை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடு. "விலாசதாரர் இல்லை" என்று எழுதித் திருப்பிய கடிதத்தை அதே விலாசத்துக்கு நான்கு முறை அனுப்புகிறவரைப் பற்றி நாங்கள் என்ன நினைத்தோமோ, அதையேதான் அந்தக் கணிப்பொறிகளும் நினைக்கின்றன. எல்லோர் முகவரியையும் 'பெறுநர்' பகுதியில் போட்டு அனுப்பாதே. ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்ப பிசிசி என்று ஒன்று இருக்கிறது. சென்ற வருடம் ஒரு கடை எனக்கு அனுப்பிய தீபாவளி வாழ்த்தில் இருநூறு பேரின் முகவரிகள் இருந்தன. நான் அந்தக் கடைக்குப் பிறகு போகவில்லை. சேலையின் விவரம் முழுவதையும் படத்துக்குள்ளேயே எழுதாமல் எழுத்தாகவும் எழுது. படம் திறக்காத இடத்திலும் அது தெரியும். எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று காட்டும் எண்ணிக்கையை அதிகம் நம்பாதே. 2021-இலிருந்து ஆப்பிளின் அஞ்சல் செயலி ஆள் திறக்காமலேயே திறந்ததாகக் காட்டிவிடுகிறதாம். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையில் காவலாளி கையெழுத்துப் போட்டதைப் பார்த்து முதலாளி படித்துவிட்டார் என்று நம்பின கதைதான். யார் பதில் எழுதினார்கள், யார் வாங்கினார்கள் என்பதை மட்டும் எண்ணு. மாதம் ஓர் அஞ்சல் போதும்.

இனி உன் படங்கள். விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் பெண்கள் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்களே, உன் வாடிக்கையாளரால் அது முடியாது. அந்த வாசலை நீதான் அவருக்குக் காட்ட வேண்டும். காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் எடு, ஃபில்ட்டர் போடாதே, முந்தியையும் உடலையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகக் காட்டு. கையால் முடிச்சுப் போட்டதா, மெழுகு அச்சா என்பதை ஒளிக்காமல் எழுது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி அச்சுத் துணியை விற்கிறவர்கள் இருக்கும்வரை, உண்மையைச் சொல்கிறவருக்கு அதுவே விளம்பரம். சாயம் காய்ந்த துணியை இருவர் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க, முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து வெள்ளைப் புள்ளிகள் தெரிகிற அந்த அரை நிமிடத்தை நீ ஒருமுறைகூட ரீல்ஸாகப் போடவில்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அதற்குச் சினிமாப் பாட்டும் வேண்டாம். வியாபாரக் கணக்குகளுக்குப் பல பாட்டுகளைப் பயன்படுத்த அனுமதியும் இல்லை. முடிச்சு அவிழும் சத்தமே போதும். முடிச்சுப் போடும் அக்காமார்களின் முகத்தைக் காட்டுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடு.

"விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதுகிறாயே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. விலையை மறைக்கிற கடைக்குள் கூச்சப்படுகிறவர்கள் நுழையமாட்டார்கள். விலை, நீளம், ரவிக்கைத் துணி உண்டா, எத்தனை நாளில் வரும், சேதமென்றால் என்ன செய்வாய் என்பதையெல்லாம் தமிழிலும் எழுது. "மதுரை சுங்குடி பருத்திச் சேலை" என்று தேடுகிறவருக்கு அந்தச் சொற்கள் எழுத்தாக இருந்தால்தானே கிடைக்கும்? பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் மாற்றித் தருவோம் என்ற நிபந்தனை எல்லோரும் போடுகிறார்கள் என்கிறாய். போடு, ஆனால் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடு. வீட்டில் பணம் வாங்கிக்கொள்ளும் ஆர்டரென்றால், அனுப்புவதற்கு முன் ஒரு முறை உறுதி கேள். தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பெறுகிற வி.பி.பி. பார்சல்கள் "வாங்க மறுக்கிறார்" என்று திரும்பி வந்து, போன செலவு அனுப்பியவர் தலையில் விழுந்ததை எத்தனையோ முறை பார்த்தவள் நான்.

பாதுகாப்பைப் பற்றித் தம்பி நேரில் சொல்வான். இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்துவிடு. "பதிப்புரிமை மீறல், பக்கம் மூடப்படும்" என்று வரும் இணைப்பைத் தொடாதே. பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் வங்கிக் கணக்கைப் பார்க்காமல் பார்சலைக் கட்டாதே. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் கேட்டால் அது திருட்டு. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கோயம்புத்தூர் வருகிறான். பழைய ஆர்டர் நோட்டுகளையும் கூரியர் ரசீதுகளையும் எடுத்து வை. அவன் உட்கார்ந்து ஏற்றித் தருவான். சித்தி மகள் வளைகாப்புக்குக் கொடுக்க அந்த அரக்குச் சிவப்பில் இரண்டு சேலைகள் ஒதுக்கி வை. பணத்தை இன்றே அனுப்பலாம் என்று உன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், விலை போடவில்லை.

அன்புடன்,
அம்மா