நீரூற்று வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி நகர்மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஊருக்குள் ஒரு ரவுண்டானாவில் நீரூற்று வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. எனக்கும் ஆசைதான். பதினாறு வருடம் மும்பை கோட்டைப் பகுதியில் வேலை பார்த்தவன் நான். தினமும் அங்கிருக்கும் ஃப்ளோரா ஃபவுண்டன் என்ற பழைய நீரூற்றைத் தாண்டித்தான் போவேன்.

அது 1864-இல் எழுப்பியது. கோட்டையின் சர்ச் கேட் வாசல் இருந்த இடம். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை எகிறி, பம்பாய் வியாபாரிகள் கையில் பணம் புரண்ட காலம். செலவு 47,000 ரூபாய். அதில் 20,000 கர்செட்ஜி ஃபர்தூன்ஜி பாரேக் என்ற பார்சிக்காரர் கொடுத்தது. போர்ட்லாண்ட் என்ற சுண்ணாம்புக்கல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. உச்சியில் நிற்பவள் ரோமானியர்களின் பூந்தேவதை ஃப்ளோரா. ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பே, 1860-இல், விஹார் ஏரித் தண்ணீர் குழாய் வழியாக நகரத்துக்கு வந்துவிட்டது. முதலில் தண்ணீர், அப்புறம்தான் அலங்காரம்.

1960-இல் அந்தச் சதுக்கத்துக்கு ஹுதாத்மா சௌக் என்று பெயர் மாற்றினார்கள். மராத்தி பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களின் நினைவாக.

நான் பார்த்த நாட்களில் நீரூற்று பெரும்பாலும் காய்ந்தே கிடந்தது. கல்லின் மேல் அடுக்கடுக்காக வெள்ளைப் பெயிண்ட். ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன்: தேவதையின் முந்தானை மடிப்புகளெல்லாம் பெயிண்டில் அடைபட்டு மொழுக்கென்று இருந்தன. வருடக்கணக்கில் வேலை செய்து, பெயிண்டைச் சுரண்டி, குழாய்களைச் சரிசெய்து, 2019-இல்தான் மறுபடி தண்ணீர் விட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதனால்தான் கேட்கிறேன். பம்பு, வடிகால், சுத்தம் செய்யும் ஆள், இதற்கெல்லாம் வருடா வருடம் பணம் எங்கிருந்து வரும் என்பதை முதலில் எழுதி வையுங்கள். சிமெண்டில் பொம்மை செய்து பெயிண்ட் அடிக்காதீர்கள். நம் மாவட்டத்துக் கருங்கல் இருக்கிறது, செதுக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பயன்படுத்துங்கள். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்த பிள்ளைகளைப் பார்த்த மாவட்டம் இது. ஒகேனக்கல் தண்ணீர் வந்தபோது நாம் பட்ட நிம்மதி உங்களுக்கும் தெரியும்.

சரி, இன்னும் ஒன்று. நீரூற்றுக்குப் பக்கத்திலேயே இரண்டு குடிநீர்க் குழாய் வையுங்கள். ஒன்று, சின்னப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில். மாங்காய் லோடு ஏற்றிவந்து வெயிலில் நிற்கிற டிரைவர்களும் அங்கே முகம் கழுவிக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஊர்க்காரன் ஒருவன்