ஆடிக் கூழ் காய்ச்சிய கைகளுக்கு

அம்மன் அடியார்களுக்கும் தெருவாருக்கும் வணக்கம்.

ஆடி ஞாயிறு கூழ் வார்த்தல் குறைவில்லாமல் நடந்து முடிந்தது. நன்கொடை கொடுத்தவர்களுக்கு அன்றே சால்வை போர்த்தியாயிற்று. கூழ் கட்டி தட்டாமலும் அடிபிடிக்காமலும் பானைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணமானவர்கள் யாரும் மேடைப் பக்கம் வருவதில்லை. இந்த நன்றி மடல் அவர்களுக்கு.

முதலில் கேழ்வரகைப் புடைத்து அரித்துக் கொடுத்த பெண்கள். கேழ்வரகில் கிடக்கும் குறுமணல் அந்தத் தானியத்தின் அளவிலேயே இருக்கும், முறத்துக்கு முழுதாக அகப்படாது. தண்ணீரில் களைந்து, பாத்திரத்தை அலசி அலசி மேலே வருவதை மட்டும் அள்ளினால்தான் மணல் அடியில் தங்கும். இதில் ஒரு பிடி சோம்பல் பட்டால் ஐந்நூறு பேர் வாயிலும் நறநறக்கும். களைந்ததை நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டாத பிறகுதான் மில்லுக்கு அனுப்பினார்கள்.

மில்காரருக்கு இரண்டு நன்றி. காலையில் கடை திறந்ததும் நம் கேழ்வரகையே முதல் அரைப்பாகப் போட்டது ஒன்று. மிளகாய்த்தூள் அரைத்த கையோடு அரைத்தால் அந்தக் காரம் மாவில் ஏறிவிடும், கூழில் அதை மறைக்க வழியே கிடையாது. அரைத்த சூட்டோடு மூட்டை கட்டாமல், வேட்டியில் பரப்பி ஆறவிட்டுக் கொடுத்தது இன்னொன்று. சூடாகக் கட்டிய மாவு வியர்த்து, மறுநாளே சிக்கு வாடை அடிக்கும்.

பானை செய்து தந்த குயவர் குடும்பத்தார், புதுப் பானையைப் பழக்காமல் கூழ் ஊற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியே கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அரிசி கழுவிய நீரை ஊற்றி வைத்தால் மண்வாடை போகும், நுண்துளைகளும் கொஞ்சம் அடையும். அப்படிச் செய்யாத பானை கசிந்து, தலையில் சுமப்பவர் தோளெல்லாம் நனைந்துவிடும். ஊர்வலத்தில் பார்ப்பவர்கள் அதையும் அருள் என்று நினைத்துக்கொள்வார்கள், அது வேறு கதை.

இனி அண்டாவுக்கு வருவோம். அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர்களுக்கும் உதவும் என்பதால் அளவுகளையும் எழுதிவிடுகிறோம். ஓர் அண்டாவுக்குப் பத்து கிலோ கேழ்வரகு மாவு, மூன்று கிலோ அரிசி நொய். சனிக்கிழமை விடியற்காலையில் மாவை 12 லிட்டர் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, பாத்திரத்தில் கால் பங்கு காலியாக விட்டு மூடி வைத்தார்கள். பொங்கி எழும் என்பதால் அந்தக் காலியிடம் வேண்டும். எவர்சில்வரோ மண்ணோதான் இதற்கு ஆகும். அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் புளிப்பு ஏற ஏற உலோகம் இறங்கும். வெயில் காய்ந்தால் 12 மணி நேரத்தில் மாவு தயாராகிவிடும். வானம் மூடியிருந்தால் இன்னும் சில மணி நேரம் பிடிக்கும். கடிகாரத்தைவிட மூக்கை நம்புவது நல்லது: இதமான புளிப்பு மணம் வந்தால் பதம், கள் வாடை அடித்தால் பதம் தப்பிவிட்டது.

மாலையில் நொய்யை 30 லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, தீயைத் தணித்து, புளித்த மாவை ஒருவர் மெல்லிய தாரையாக ஊற்ற, இருவர் இரு பக்கமும் நின்று துடுப்பு போட்டார்கள். மொத்தமாகக் கொட்டினால் மேல்பக்கம் வெந்து உள்ளே பச்சை மாவாகவே இருக்கும் கட்டிகள் விழும். இறுக இறுகக் கொதிநீர் விட்டுக் கிளறினார்கள், அது மட்டும் இருபது லிட்டர் பிடித்தது. முக்கால் மணி நேரம் கை நிற்கக் கூடாது. தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கிய கூழ்தான் குடித்தவர் வயிற்றைப் பொரும வைக்கும். அடிபிடித்துவிட்டால் சுரண்டக் கூடாது, மேலிருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். தீய்ந்த வாடை சுரண்டியதும்தான் முழுக்கப் பரவுகிறது. அடுப்புச் சூட்டிலும் புகையிலும் துடுப்பை விடாத அவர்களுக்குச் சொல்லால் ஈடு செய்ய முடியாது.

காய்ச்சிய கூழைத் தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, மூடிக்குப் பதில் மெல்லிய துணி கட்டியதும் அவர்கள் யோசனைதான். மூடி போட்டால் ஆவி நீராகச் சொட்டி மேற்பரப்பு நீர்த்துப்போகும், கெடுவது அங்கேதான் தொடங்கும். ஞாயிறு காலை அதைப் பிசைந்து கரைத்து, ஓர் அண்டாவுக்கு 40 லிட்டர் தண்ணீர், முக்கால் கிலோ கல்லுப்பு, பத்து லிட்டர் தயிரைக் கடைந்த மோர், நான்கு கிலோ சின்ன வெங்காயம் சேர்த்தோம். மோரை முன்கூட்டியே ஊற்றினால் மதியத்துக்குள் புளிப்பு மிஞ்சிவிடும். கூழ் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பழி காய்ச்சியவர்மேல் விழும். பெரும்பாலும் உண்மையான குற்றவாளி கடைசியில் ஊற்றும் பச்சைத் தண்ணீர். அதனால் இரவெல்லாம் விழித்திருந்து அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித் தந்த இரண்டு வீட்டாருக்குத் தனி வணக்கம். கால் லிட்டர் சொம்பில் ஓர் அண்டா 450 முதல் 500 பேருக்கு வந்தது.

தாளிக்கவில்லையே என்று இளையவர்கள் சிலர் கேட்டார்கள். அம்மை கண்ட வீட்டில் தாளிப்பதில்லை. கூழ் மாரியம்மனுக்கு உரியது, மாரி என்றால் மழை, அம்மையும் அவள் பெயரால்தான் வழங்குகிறது. கணவர் ஜமதக்னியின் சிதையில் ரேணுகாதேவி இறங்கியபோது மழை கொட்டித் தீ அவிந்தது, உடலெங்கும் கொப்புளங்களோடு எழுந்தவள் வேப்பிலையை உடுத்திக்கொண்டாள், பசித்துக் கேட்டவளுக்கு எளிய சனங்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் தந்தார்கள் என்பது நம் பக்கத்துக் கதை. திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டில் ரேணுகாம்பாளைச் சிரசு வடிவில் கும்பிடுகிறோம். பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக 1980இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது. கூழ் வார்ப்பது நிற்கவில்லை. நின்றிருக்கவும் வேண்டியதில்லை, ஏனென்றால் இது பயத்துக்கு மட்டும் ஊற்றிய கூழ் அல்ல. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் மாதத்தில் வீட்டுக் குதிர் அடி தெரியும். இருப்பவரும் இல்லாதவரும் ஒரே பானைக்குமுன் சொம்பு நீட்டுகிற நாள் இது.

வேப்பிலை ஒடித்து வந்த பிள்ளைகள் அன்று காலையிலேயே ஒடித்து, சாக்கில் திணிக்காமல் கட்டாகக் கொண்டுவந்தார்கள். சாக்கில் அடைத்த இலை புழுங்கிக் கறுத்துவிடும். மாவிளக்கு இட்ட பெண்களில் ஒருவர் விளக்குகூட உருகி வழியவில்லை. ஊறிய பச்சரிசியை நன்றாக வடித்து இடித்து, ஈர வெல்லத்தைத் தவிர்த்ததன் பலன் அது. பம்பைக்காரர்கள் தூறலில் தோல் தளர்ந்தபோதெல்லாம் நெருப்பில் காட்டி இறுக்கி, வர்ணிப்பை முறிக்காமல் பாடினார்கள். ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்திய மைக் செட் தம்பிக்கும், அதுவரை பொறுத்துக்கொண்ட கைக்குழந்தை வீடுகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

காப்புக் கட்டிய நாள் முதல் வெளியூரில் இரவு தங்காமல், வேலை முடிந்து எவ்வளவு நேரமானாலும் ஊர் திரும்பியவர்களின் சிரமம் எங்களுக்குத் தெரியும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. அதைச் சொல்லிச் சலித்துக்கொள்ளாமல் தூக்குவாளியும் சொம்பும் எடுத்து வந்தவர்களால் தெருவில் குப்பை குறைந்தது. அப்படியும் மிஞ்சியதைத் திங்கள் விடியலில் வாரியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். வரிசையில் நிற்க நேரமில்லாத அவர்களுக்கு முதல் பானையிலேயே எடுத்துவைக்கும்படி சொன்ன பெரியம்மாவுக்கும் நன்றி. எங்களுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

இரவில் அம்மன்முன் சோற்றைக் குவித்துப் படைக்கும் கும்பத்துக்குச் சோறு வடித்தவர்கள், முருங்கைக்கீரை உருவியவர்கள், கருவாட்டைச் சுடுநீரில் அலசி மண்ணும் மிகை உப்பும் போக்கிக் குழம்பு வைத்தவர்கள் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

இரவல் வந்த பாத்திரங்களில் ஓர் அண்டா, இரண்டு துடுப்பு, மூடியில்லாத ஒரு தூக்குவாளி கோயில் மண்டபத்தில் இருக்கின்றன. கழுவிக் காயவைத்திருக்கிறோம். உரியவர்கள் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கூழ் வார்த்தல் விழாக் குழுவினர்