கோணிய வாயும் காதுச் சீழும்: அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவினருக்கு

வணக்கம்.

வருஷத்துக்கு இரண்டு முறை எங்கள் தெரு அங்கன்வாடிக்கு உங்கள் வேன் வருகிறது. எடை பார்க்கிறீர்கள், பல் பார்க்கிறீர்கள், காதிலும் டார்ச் அடிக்கிறீர்கள். 2013-இல் தொடங்கிய இந்தத் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் (RBSK) தேடச் சொல்லும் 30 குறைபாடுகளில் நடுக்காது அழற்சியும் உண்டு. அதோடு வாய் கோணியிருக்கிறதா என்றும் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன மார்கழியில் என் 4 வயது மகளுக்குச் சளி, அப்புறம் காதுவலி. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். (விட்டிருக்கக் கூடாது, திட்டுவதானால் திட்டுங்கள்.) நான்காம் நாள் காலையில் அவள் குடித்த பால் இடது கடைவாயில் வழிந்தது. சிரித்தால் வாய் வலப்பக்கம் இழுத்தது. இடது கண் பாதிதான் மூடியது. முதலில் போன கிளினிக்கில், "பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாளா? குளிர்காற்று பட்டிருக்கும்" என்று சத்து மருந்து எழுதித் தந்தார்கள். காதுவலி என்று சொன்னேன்; யாரும் உள்ளே பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தபோது செவிப்பறை சீழ் கோத்துப் புடைத்திருந்தது.

அவர் சொல்லித்தான் புரிந்தது. முகத்தை அசைக்கும் நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது, மெல்லிய எலும்புக் குழாய்க்குள். பலருக்கு அந்த எலும்பில் பிறவியிலேயே சிறு இடைவெளி இருக்கும். காதில் சீழ் கட்டினால் நரம்பும் வீங்கி, முகத்தின் அந்தப் பக்கம் அசையாமல் போகலாம். செவிப்பறையைக் கீறிச் சீழை எடுத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கண் காயாமலிருக்கச் சொட்டு மருந்து, இரவில் இமைமேல் பிளாஸ்திரி. இரண்டு மாதத்தில் சிரிப்பு நேரானது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படித் திரும்பிவிடுமாம். மாதக்கணக்கில் நாற்றத்தோடு ஒழுகும் காது என்றால் கதை வேறு. அது எலும்பையே அரிக்கலாம், அறுவை சிகிச்சை வரை போகும்.

காதுச் சீழால் வாய் கோணுவது அபூர்வம்தான். ஆன்டிபயாட்டிக் வந்தபிறகு இன்னும் குறைந்துவிட்டது. அதனால்தான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை போலும்.

சீழ் வடியும் காதைக் கண்டால், கண்ணை இறுக்க மூடிப் பல்லைக் காட்டச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. அழகு காட்டச் சொன்னால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்னும்? அம்மாக்களிடமும் சொல்லிவையுங்கள்: காதுவலியோடு வாய் கோணினால் அன்றைக்கே காது மருத்துவரிடம் போக வேண்டும், "காதையும் பாருங்கள்" என்று கேட்க வேண்டும்.

எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு இப்போதும் காது ஒழுகுகிறது. வீட்டில் எண்ணெய்தான் விடுகிறார்கள். அடுத்த முறை வேன் வரும்போது இருவரையும் நானே கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அம்மா