பாரி ஜானுக்காக ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து பழைய ரக்பி ஆட்டங்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன்.

கேரத் எட்வர்ட்ஸைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சரி. 1967 முதல் 1978 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் வேல்ஸுக்காக 53 முறை இறங்கியவர். ஆனால் அவரோடு வேல்ஸுக்கு ஆடிய பாரி ஜானைப் "பாதியில் விட்டுப் போனவர்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நியூசிலாந்து மண்ணில், பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணி டெஸ்ட் தொடரை வென்றது 1971-ல் மட்டும்தான். நான்கு டெஸ்டில் எடுத்த 48 புள்ளிகளில் 30 பாரி ஜானுடையவை. டனீடினில் நடந்த முதல் டெஸ்டைப் பார். எதிரணியின் ஃபுல்பேக், அதாவது கடைசித் தடுப்பாளர், ஃபெர்கி மக்கார்மிக் எங்கே நிற்கிறாரோ அதற்குச் சற்றுத் தள்ளியே பாரி ஜான் பந்தை உதைக்கிறார். மனிதர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடி ஓடியே களைத்துப் போகிறார். அதன்பிறகு மக்கார்மிக் ஆல் பிளாக்ஸ் என்ற நியூசிலாந்து அணிக்கு ஆடவே இல்லை. அந்த லயன்ஸ் அணியின் பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸும் பாரி ஜானும் ஒரே ஊர்க்காரர்கள், கெவ்நெய்தின் என்ற சுரங்கக் கிராமம். ஒரு சின்ன ஊர் இப்படி இருவரைத் தந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

உடம்பு நோகாமல் ஆடியவர் என்றும் சிலர் சொல்வார்கள். அதே ஆண்டு பாரிஸில், பிரான்ஸின் பெனுவா டௌகாவைத் தடுக்கப் போய் பாரி ஜானுக்கு மூக்கு உடைந்தது. திரும்பி வந்து, எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை அடித்தார். வேல்ஸ் 9-5 என்று வென்று, ஐந்து நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வெல்லும் கிராண்ட் ஸ்லாமைக் கைப்பற்றியது.

அப்படிப்பட்டவர் 1972-ல், 27 வயதில் விலகினார். அன்று ரக்பி ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது. புகழ் மட்டும் தலைக்கு மேல் போய்விட்டது. ஒரு வங்கிக் கிளைத் திறப்பு விழாவில் ஓர் இளம்பெண், அரச குடும்பத்தாருக்குச் செய்வதுபோல் முழங்கால் மடக்கி வணங்கியிருக்கிறாள். மக்களோடு மக்களாக வாழ்ந்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை. 'கிங்' என்று கொண்டாடியவர்கள் அவரைத் தங்களுள் ஒருவராக நினைப்பதையே விட்டுவிட்டார்கள். விலகியதற்குத் துணிச்சல் வேண்டும், சேகர். இன்னும் ஐந்து வருடம் ஆடியிருக்கலாமே என்று கணக்குப் போடுவது நம் ஆசை, அவர் கடமை அல்ல.

நீ உருகி எழுதிய அந்த 1973 ட்ரை, பார்பேரியன்ஸ் என்ற அழைப்பு அணிக்காக எட்வர்ட்ஸ் பாய்ந்து வைத்தது, யார் காலில் தொடங்கியது? ஃபில் பென்னெட். பாரி ஜான் விட்டுச் சென்ற 10-ம் எண் இடத்துக்கு வேல்ஸ் அணியில் வந்தவர். அவரும் 2022-ல் போய்விட்டார். 2024 ஜனவரியில் வேல்ஸின் ஃபுல்பேக் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ், அடுத்த மாதமே பாரி ஜான். அந்தத் தலைமுறையே கரைந்துகொண்டிருக்கிறது.

பொங்கலுக்கு நீ வரும்போது டனீடின் ஆட்டத்தைச் சேர்ந்து பார்ப்போம். அதன் பிறகும் உன் கருத்து மாறாவிட்டால், விடிய விடியப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜு