மகளிர் தினத்துக்குப் படம் தேடும் திரைப்படச் சங்க நண்பர்களுக்கு

வணக்கம்.

மார்ச் 8-க்கு எந்தப் படம் என்று முடிவு செய்யும் முன் ஒரு வேண்டுகோள். பாடகி ஹெலன் ரெட்டியின் வாழ்க்கையைச் சொல்லும் 'ஐ ஆம் உமன்' படத்தை இந்த முறை திரையிடுங்கள். உன்ஜூ மூன் இயக்கிய ஆஸ்திரேலியப் படம் இது, 2019-இல் வந்தது.

மெல்போர்னில் பிறந்த ஹெலன், 1966-இல் ஒரு டி.வி. பாட்டுப் போட்டியில் ஜெயித்து, மூன்று வயது மகளோடு நியூயார்க் போய் இறங்குகிறார். இசைத்தட்டு நிறுவனமோ கையை விரித்துவிடுகிறது. படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஹெலனாக நடித்த டில்டா காபம்-ஹெர்வி அவருடைய பிடிவாதத்தை அலட்டாமல் காட்டியிருக்கிறார்.

ஆனால் நான் உங்களிடம் பேச வந்தது, படத்துக்குப் பெயர் தந்த ஹெலனின் 'ஐ ஆம் உமன்' பாட்டைப் பற்றி. பெண்ணின் பலத்தைச் சொல்லும் பாட்டு தேடியும் கிடைக்காததால், ஹெலனே வரிகளை எழுதினார். ரே பர்ட்டன் இசையமைத்தார். 1971-இல் ஆல்பத்தில் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருடம் மறுபடி பதிவு செய்தார்கள். வானொலிக்காரர்கள் தயங்கினார்கள். ஹெலன் டி.வி. நிகழ்ச்சிகளில் விடாமல் பாடினார். கேட்ட பெண்கள் வானொலி நிலையங்களுக்குப் போன் போட்டு அந்தப் பாட்டை ஒலிபரப்பச் சொன்னார்கள். 1972 டிசம்பரில் அது அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பெண்கள் இல்லாமல் இந்த வெற்றி இல்லை. கிராமி மேடையில் ஹெலன் கடவுளைப் பெண்ணாகச் சொல்லி நன்றி கூறியதும் இந்தப் பாட்டுக்காகத்தான்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கணவர் ஜெஃப் வால்டின் போதைப் பழக்கத்துக்கும் சண்டைகளுக்கும் கொடுத்த நேரத்தில் பாதியையாவது அந்தப் பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம். தோழி லிலியன் ராக்சன் வரும் காட்சிகளும் இன்னும் நீண்டிருக்கலாம்.

அதனால்தான் படம் முடிந்ததும் பேச நேரம் வேண்டும் என்கிறேன். பாட்டு ஜெயித்த அதே 1972-இல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய சம உரிமைத் திருத்தம் (ஆண், பெண் பேதமில்லாமல் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம்), 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டு, 1982 கெடுவுக்குள் 35-ஐத் தாண்டவில்லை. இதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. மைக்கை முதலில் பெண்களிடம் கொடுங்கள்.

அப்புறம், காட்சி நேரம். மாலை ஆறரைக்கு வைத்தால் வழக்கமாக வரும் ஆண்கள்தான் வருவார்கள். ஞாயிறு மதியம் வையுங்கள், குழந்தைகளையும் கூட்டி வரலாம் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்காகத் தொடக்கத்தில் தமிழில் கதைச்சுருக்கம் சொல்லுங்கள். வேறு ஆள் கிடைக்காவிட்டால் நானே வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் காட்சிகளுக்கு வரும் ஒரு பார்வையாளர்