செயலாளரின் ஆண்டறிக்கை: பதிவாகாமல் போன 5 மணி நேரம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இவ்வாண்டு மன்றம் ஆறு முறை கூடியது. மணல்வரிகள் காற்றின் போக்கில் ஊர்வது பற்றி ஒரு சொற்பொழிவும், வரிக்குதிரை பற்றி ஒரு படவிளக்கமும் நடைபெற்றன.

எண்ணெய்த் தட்டுச் சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது வீண்வேலை என்று செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. சதுரத் தட்டில் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிலிக்கோன் எண்ணெய், அதில் ஒரு சிட்டிகை அலுமினியப் பொடி, மேலே இடைவெளி விடாமல் கண்ணாடி மூடி. அடியில் சூடேற்றி, மூடியைக் குளிர்வித்தோம். வெப்ப வேறுபாடு ஓர் அளவைத் தாண்டும்வரை எண்ணெய் அசையவில்லை. தாண்டியதும் உருளை உருளையாகப் புரளத் தொடங்கியது. தட்டு முழுதும் வரிகள் எழுந்தன. ஒவ்வோர் உருளையும் ஏறக்குறைய எண்ணெயின் ஆழமளவே அகலம். அந்த அகலத்தை நாங்கள் வகுக்கவில்லை, ஆழம் வகுத்தது. (மூடி இல்லாத மெல்லிய படலத்தில் பரப்பு இழுவிசை மேலோங்கி அறுகோணங்கள் தோன்றும்; 1900இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெனார் கண்டவை அவையே.)

ஓரிடத்தில் ஒரு வரி கவட்டையாகப் பிரிந்து நின்றது. மறுநாள் பார்த்தால் கவட்டை இடம் மாறியிருந்தது! வரியின் போக்கிலேயே, ஜிப் திறப்பதுபோல, ஒன்றை இரண்டாக்கிக்கொண்டே ஊர்ந்தது. வளரும் கடல் ஏஞ்சல் மீனின் தோலில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோண்டோவும் அசாயும் 1995இல் காட்டியதும் இப்படிப்பட்ட நகர்வைத்தான். மெல்லப் பரவும் தூண்டி, விரைந்து பரவும் தடுப்பான் என்ற இரு வேதிப்பொருள்கள் சேர்ந்தால் வரி பிறக்கும் என்னும் விளக்கத்துக்கு அடிப்படையாக, ஆங்கிலக் கணிதவியலாளர் டூரிங் 1952இல் எழுதிய கணக்கைக் கொண்டு அதை அவர்கள் விளக்கினார்கள். நம் எண்ணெயில் தூண்டியும் இல்லை, தடுப்பானும் இல்லை. சூடும் எடையும் மட்டுமே. ஆனாலும் கவட்டை அதேபோல் நடந்தது. இதைக் கண்ணால் பார்த்தபின் வீண்வேலை என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

கவட்டை எங்கே போய் முடிகிறது என்று பார்க்கவே இரவுமுறை வைத்தோம். 12 பேர் பெயர் கொடுத்தார்கள், 4 பேர் வந்தார்கள். மூன்றாம் இரவில் பதிவேடு 5 மணி நேரம் வெறுமையாக இருக்கிறது. விடிந்து நான் போனபோது கவட்டை இல்லை, வரிகள் சீராக நின்றன. அது விளிம்பில் போய் மறைந்ததா, எதிர்த்திசைக் கவட்டை ஒன்றோடு மோதி இரண்டும் அழிந்தனவா? நாங்கள் காத்திருந்தது அந்த ஒரு கணத்துக்காகத்தான்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. பெரிய கடனும் இல்லை, பெரிய இருப்பும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் சந்தா நிலுவையில் இருக்கிறது. குறித்த நேரத்தில் தானே படமெடுக்கும் கேமரா ஒன்றை வாங்கியிருந்தால் அந்த 5 மணி நேரம் கைவிட்டுப் போயிருக்காது.

இடம் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும், இரவில் வந்த நால்வருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சோதனையை மீண்டும் தொடங்க விரும்புகிறேன். தனியாளாக இன்னொரு முறை என்னால் இயலாது. இரவுமுறைப் பட்டியலும் சந்தாப் புத்தகமும் வாசலருகே மேசைமேல் இருக்கின்றன.